கிரஷர் வாயில் எஃகுச் சட்டங்கள்: தாமிரபரணிக் கரையில் கல் பிரித்த கதை

டிப்பர் லாரி குவாரியிலிருந்து கொண்டுவரும் பாறை நேராகக் கிரஷரின் தாடைக்குள் போவதில்லை. முதலில் அது கனத்த எஃகுச் சட்டங்கள் பரப்பிய ஒரு சரிவின் மேல் கொட்டப்படுகிறது. சட்டங்கள் ஒன்றுக்கொன்று இணையாக, கல் ஓடும் திசையிலேயே நீளவாக்கில் கிடக்கும். இடைவெளிக்குள் அடங்கும் கல் கீழே விழும். அடங்காதது மேலேயே தங்கும். கல்லுடைக்கும் தொழிலில் இந்த அமைப்புக்குக் கிரிஸ்லி என்று பெயர். கிரஷரில் வேலை செய்பவர்களுக்குப் ‘பார்’ என்றாலே போதும். குறுக்குக் கம்பி இல்லை, வலைப்பின்னல் இல்லை. சட்டங்களின் முகத்தில் கல்லைத் தடுக்க ஏதாவது துருத்திக்கொண்டிருந்தால் நாலு லாரி லோடு விழுவதற்குள் அது பிய்ந்துபோகும்.

இந்தச் சட்டங்களுக்கு இரண்டு வேலைகள் உண்டு. இரண்டும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன. தொட்டியின் மேல்வாயில் அகலமான இடைவெளியுடன் போடும் சட்டங்கள், தாடைக்குள் நுழையாத பெரிய பாறையைத் தடுத்து நிறுத்துகின்றன. அந்தப் பாறை உள்ளே போனால் தாடை அடைத்துக்கொண்டு ஆலை முழுவதும் நிற்கும். தொட்டிக்கும் தாடைக்கும் நடுவே நெருக்கமாகப் போடும் சட்டங்களின் வேலை வேறு. ஏற்கெனவே சிறிதாக இருக்கும் கல்லையும் மண்ணையும் தாடைக்குப் போகாமல் கீழே தள்ளிவிட்டு, உடைக்க வேண்டியதை மட்டும் உடைக்க விடுவது அவற்றின் பொறுப்பு. முன்னது இயந்திரத்தைக் காக்கிறது, பின்னது அதன் நேரத்தையும் தேய்மானத்தையும் மிச்சப்படுத்துகிறது.

சேரன்மகாதேவியைச் சுற்றியுள்ள தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இதன் கதையைத் தொடங்க, இரும்புக்கு முன்னால் கல்லைப் பார்க்க வேண்டும். இங்கே நிலத்தடியில் கிடப்பது பெரும்பாலும் நைஸ் வகைப் பாறை. மிகப் பழைய காலத்தில் பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கும். பல இடங்களில் சிவந்த கார்னெட் மணிகள் பதிந்திருக்கும். மேற்கே மலைத்தொடரில் சார்னோக்கைட் என்னும் கரும்பச்சைப் பாறை மிகுதி. கல்கத்தாவில் யோப் சார்னோக்கின் கல்லறை மேல் கிடக்கும், சென்னைப் பகுதியிலிருந்து போன கல்லை வைத்து, புவியியலாளர் தாமஸ் ஹாலந்து இட்ட பெயர் அது. ஊர் மக்களுக்கு இரண்டும் கருங்கல்தான். ஆனால் பட்டைக்கல்லும் பட்டையில்லாத கல்லும் உடையும் விதம் ஒன்றல்ல. சட்டங்களின் மேல் அவை நடந்துகொள்ளும் விதமும் ஒன்றல்ல.

நெடுங்காலம் இந்தப் பள்ளத்தாக்கில் பெரிய கல்தான் வேண்டப்பட்டது. சின்னக் கல் கழிவு. சேரன்மகாதேவி சோழர் கல்வெட்டுகளில் நிகரிலி சோழச் சதுர்வேதிமங்கலம் என்று குறிக்கப்படும் ஊர். பக்தவத்சலர் கோயிலும் அம்மநாதர் கோயிலும் அங்கே கருங்கல்லில் நிற்கின்றன. கோயில் கட்டக் கல் எடுத்தவர்கள் பாறையில் வரிசையாகக் குழி செதுக்கி, அவற்றில் ஆப்பு இறுக்கி, ஒரே நேர்கோட்டில் பிளந்தார்கள். உத்தரமோ தூணோ முழுசாக வர வேண்டும். நடுவில் விரிசல் விட்டால் அந்தக் கல் போயிற்று. பிளக்கும்போதும் செதுக்கும்போதும் தெறித்த துண்டுகள் சுவரின் இரு முகங்களுக்கு இடையிலும் அடித்தளத்திலும் நிரவலாகப் போயின. இன்று ஒரு கிரஷர் உரிமையாளர் கல் என்று எதை எண்ணுகிறாரோ அது அன்று இடிபாடு. அன்று கல்தச்சர் தேடியது இன்று ஆலையின் வாயில் நின்று வேலையைக் கெடுக்கும் பாறை.

ஆற்றின் குறுக்கே கட்டிய அணைக்கட்டுகளிலும் இதே கணக்குதான். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் தாமிரபரணியில் உள்ளன. சேரன்மகாதேவி வயல்களுக்குத் தண்ணீர் தருவது கன்னடியன் கால்வாய். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அரசு கட்டியது. மற்றவை அதற்கு முந்தியவை. கார்த்திகை வெள்ளத்தில் இழுபடாமல் நிற்க வேண்டுமானால் கல் கனமாக இருக்க வேண்டும். பழைய அணைக்கட்டுகளில் பெரிய கற்களைக் கோத்தடுக்கி, இடையில் சின்னக் கல்லைச் செருகினார்கள். சின்னக் கல்லுக்கு இங்கே ஒரு வேலை கிடைத்தது, ஆனால் பெரிய கல்லுக்குத் துணையாகத்தான்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கியது சாலை. 1816-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளுக்குப் பொறுப்பேற்ற ஜான் லௌடன் மெக்காடம், அடியில் பெருங்கல் பரப்பும் பழைய முறையைத் தள்ளிவிட்டு, சாலை முழுவதையும் சின்னக் கல்லால் போட்டார். ஆறு அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு மேல் எடையுள்ள கல் எதுவும் கூடாது என்பது அவர் விதி. கூர்முனையுள்ள சிறு கற்கள் வண்டிச் சக்கரத்தின் அழுத்தத்தில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு பெரிய கல் இருந்தால் அது அசைந்து அசைந்து மேலே வந்துவிடும், சாலை அங்கிருந்து பிளக்கும். அளவை மிஞ்சிய கல் குற்றம் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் பொறியியலுக்குள் நுழைகிறது.

சென்னை மாகாணத்தின் பொதுப்பணித் துறைச் சாலைகளுக்கும் இந்த முறை வந்தது. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே சுலோச்சன முதலியார் பாலம் 1843-இல் திறக்கப்பட்டபோது, அதன் வளைவுகளுக்குப் பெரிய கல் வேண்டியிருந்தது. பாலத்தின் இரு முனையிலும் தொடர்ந்த சாலைகளுக்கு வேண்டியதோ உடைகல். அந்த உடைகல்லை அளக்க இரும்பு வளையம் ஒன்று இருந்தது. கல்லை எந்தப் பக்கம் திருப்பினாலும் வளையத்துக்குள் நுழைய வேண்டும். நுழையாத கல் குவியலில் தென்பட்டால் மேற்பார்வையாளர் குவியலைத் தள்ளிவைப்பார். அடியில்லாத மரப்பெட்டியில் கொட்டி, கன அடிக் கணக்கில் அளந்து கூலி கொடுத்தார்கள். சல்லடைச் சட்டங்களுக்கு முன்னோடி என்று சொல்ல வேண்டுமானால் இந்த வளையத்தைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் வளையம் வந்தது வேலையின் கடைசியில். பாறையிலிருந்து இரண்டங்குலம் வரை உள்ள எல்லா அளவுகளையும் சம்மட்டியும் கைச்சுத்தியலும் கடந்த பிறகு, தேறியதா என்று பார்க்க மட்டும் அது பயன்பட்டது.

கையால் கல்லுடைக்க வேறு திறமை எதுவும் வேண்டாம் என்று அரசு நினைத்தது. 1876–78 பஞ்சத்தின்போது மாகாணம் முழுவதும் நடந்த நிவாரண வேலைகளில் சாலைக்கல் உடைப்பது முக்கியமான ஒன்றாக இருந்ததற்கு அது ஒரு காரணம். உடைத்த கல்லை எளிதில் அளக்கலாம், ஆள் எத்தனை பேர் வந்தாலும் வேலை கொடுக்கலாம், உழைக்காதவரைக் கண்டுபிடிக்கலாம். சிறைகளிலும் கடுங்காவல் என்றால் கல்லுடைப்பு என்பது வழக்கமாயிற்று. உண்மையில் அதற்குத் திறமை உண்டு. பட்டையுள்ள நைஸ் கல்லை, பட்டைக்குக் குறுக்கே ஓங்கி அடித்தால் கை அதிரும், கல் அசையாது. பட்டையின் ஓரத்தைப் பார்த்துத் தட்டினால் தானே பிரியும். தலைமுறையாகக் கல்லுடைத்த போயர் குடும்பங்களுக்கு இது தெரியும். பஞ்சத்தில் வயலை விட்டு வந்தவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கும் அதே அளவுதான் விதிக்கப்பட்டது.

1902-இல் திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை ரயில் பாதை திறந்தது. அடுத்த ஆண்டு செங்கோட்டை வரை போயிற்று. 1904 நவம்பரில் மலையைக் கடந்து புனலூரைத் தொட்டது. சேரன்மகாதேவி அந்தப் பாதையில் ஒரு நிலையம். மீட்டர் கேஜ் பாதையானாலும் தண்டவாளத்தின் அடியில் மைல் மைலாகச் சரளை பரப்பியாக வேண்டும். மழைநீர் வடிய இடைவெளி விட வேண்டும், கட்டைகள் நகராமல் பிடிக்கவும் வேண்டும். அதனால் மண்ணும் பொடியும் கலந்த கல் உதவாது, மிகப் பெரிய கல்லும் உதவாது. ஒரே பொருளுக்கு மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டும் விதிக்கப்பட்டன. இந்திய ரயில்வே இன்று கேட்கும் சரளையில் 65 மில்லிமீட்டர் சல்லடையில் தங்குவது நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக் கூடாது, 20 மில்லிமீட்டர் சல்லடையில் குறைந்தது 98 தங்க வேண்டும். இத்தனை நுணுக்கமான விகிதம் கையுடைப்புக்குக் கட்டுப்படாது. 2012-இல் திருநெல்வேலி–தென்காசிப் பாதை அகலப் பாதையாகி முடிந்தபோது சரளை முழுவதும் இயந்திரத்தில் உடைத்ததாக இருக்க வேண்டும் என்பது வெகுநாளைய விதியாகிவிட்டிருந்தது.

அந்த இயந்திரத்தின் பிறப்பும் ஒரு சாலையோடு சேர்ந்ததே. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1850களின் தொடக்கத்தில் ஒரு சாலைக்கு மெக்காடம் முறையில் கல் பரப்பும் பொறுப்பு எலை விட்னி பிளேக் என்பவருக்குக் கிடைத்தது. பருத்தி கடையும் எந்திரத்தைக் கண்டுபிடித்த எலை விட்னியின் மருமகன் முறை இவர். கையால் கல் உடைப்பதற்கான செலவையும் தாமதத்தையும் பார்த்துச் சில ஆண்டுகள் யோசித்து, 1858-இல் தாடைக் கிரஷருக்குக் காப்புரிமை பெற்றார். நிலையான ஒரு தாடை, முன்னும் பின்னும் ஆடும் ஒரு தாடை. மேலே அகலம், கீழே குறுகல். கல் கீழிறங்க இறங்க நொறுங்கி, அடியில் உள்ள இடைவெளியின் அளவில் வெளியேறும். அடிப்படை அமைப்பு இன்றும் மாறவில்லை.

தாடையின் அடி இடைவெளியைக் கூட்டலாம் குறைக்கலாம். வாய் அப்படியில்லை, வார்க்கும்போது வந்ததுதான். வாயின் அகலத்தில் சுமார் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் உள்ள கல்லைத் தாடை கவ்வாது. மேலேயே வழுக்கிக்கொண்டு ஆடும். ஆக, கல்லின் அளவைக் கேட்க வேண்டிய இடம் வேலையின் முதலுக்கே வந்துவிட்டது. கையால் உடைத்த நாளில் எந்தப் பாறையும் அளவை மிஞ்சியதல்ல. கூடுதலாக இரண்டு அடி அடித்தால் தீர்ந்தது. கிரஷர் வந்த பிறகே ‘உள்ளே போகாத கல்’ என்று ஒரு வகை உண்டானது. அதைத் தடுக்கத்தான் சட்டங்கள்.

சட்டங்கள் பிளேக்கின் கண்டுபிடிப்பல்ல. கலிபோர்னியாவில் 1848-க்குப் பிறகு தங்கம் தேடியவர்கள், நீர்ப்பீச்சலில் மலையைக் கரைத்து மரக்கால்வாயில் ஓடவிட்டார்கள். உருண்டு வரும் பாறைகள் கால்வாயை உடைக்காமலிருக்க, வழியில் சரிவாக இரும்புச் சட்டங்களை வைத்தார்கள். நீரும் மண்ணும் தங்கத் துகளும் கீழே இறங்க, பாறை மேலோடு போய்ப் பள்ளத்தில் விழுந்தது. கடினப் பாறைத் தங்கச் சுரங்கங்கள் பெருகியபோது அதே சட்டங்கள் ஆலையின் தலைமாட்டுக்கு ஏறின. சுரங்கத்திலிருந்து வரும் தாதுக்கல் சட்டங்களின் மேல் கொட்டப்படும். பொடி நேராக உலக்கை ஆலைக்குப் போகும், பெரியது பிளேக் தாடைக்குப் போகும். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் நடத்திய கோலார் தங்கவயலில் இயங்கியவையும் இத்தகைய உலக்கை ஆலைகளே. அங்கே உழைத்தவர்களில் பெரும்பகுதி வட ஆர்க்காடு, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து போன தமிழ் பேசும் குடும்பங்கள்.

சட்டத்தின் வடிவத்தில் பார்த்ததும் தெரியாத சூட்சுமம் ஒன்று இருக்கிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேல் முகம் அகலமாகவும் கீழ்ப்பக்கம் ஒடுங்கியும் இருக்கும். ஆக, இரண்டு சட்டங்களின் நடுவே உள்ள சந்து கீழே போகப் போக விரியும். மேல் முகத்தில் நுழைந்த கல் நடுவழியில் மாட்டாமல் விழுந்துவிடும். நீளவாக்கிலும் அப்படியே: கல் கொட்டும் முனையில் சந்து சற்றுக் குறுகல், வெளியேறும் முனையில் சற்று அகலம். சந்தின் அளவுக்கு ஏறக்குறையச் சமமான கல்தான் எப்போதும் தொல்லை தரும். மிகச் சிறியது விழுந்துவிடும், மிகப் பெரியது உருண்டுவிடும், நடுத்தரமானது இரண்டு சட்டங்களின் இடையே ஆப்புப் போல இறுகிக்கொள்ளும். பின்னால் வரும் ஒவ்வொரு கல்லும் அதை இன்னும் உள்ளே அடிக்கும். சந்து முன்னே போகப் போக விரிந்தால் இறுகிய கல் ஒரு தள்ளலில் விடுபடும். ஆடாத சட்டங்களைப் பொதுவாக 35 முதல் 45 பாகைச் சரிவில் போடுகிறார்கள். சரிவு குறைந்தால் கல் தேங்கும், கூடினால் சின்னக் கல்லும் விழ நேரமில்லாமல் பெரியதோடு ஓடிவிடும்.

காசு குறைவான இடங்களில் பழைய தண்டவாளமே சட்டமாயிற்று. அதைத் தலைகீழாகப் போடுவார்கள்: ரயிலில் கீழே இருக்கும் அகன்ற அடிப்பாகம் மேலே வரும், குறுகலான தலை கீழே போகும். வார்த்து எடுக்கும் சட்டத்துக்கு வேண்டிய அதே வடிவம் செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது. ரயில் பாதைக்குச் சரளை உடைத்த ஆலையில், அதே பாதையிலிருந்து தேய்ந்து கழிந்த தண்டவாளம் வந்து படுத்துக்கொண்டது பொருத்தம்தான். இன்னும் உழைக்கும் சட்டம் வேண்டுமென்றால் மாங்கனீசு எஃகு. ஷெஃபீல்டில் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் 1882-இல் கண்டறிந்தது. 12, 13 விழுக்காடு மாங்கனீசு கலந்தது. புதிதாக இருக்கையில் அது அவ்வளவு கடினமில்லை, அடிபட அடிபட மேல்தோல் இறுகும். தாடைத் தகடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான உலோகம் நெடுநாள் இல்லை. சட்டங்களில் அதன் பலன் இடத்தைப் பொறுத்தது: லாரியிலிருந்து பாறை நேராக விழும் மேல்முனையில் அடி உண்டு, அங்கே அது இறுகி நிற்கும், கல் வழுக்கி மட்டும் ஓடும் கீழ்முனையில் அடியில்லாததால் இறுகாமலே தேய்ந்துபோகும். ஆகவே அந்த இடத்துக்கு வேறு கடின எஃகுத் தகடுகளைப் பற்றவைக்கிறார்கள். கழற்றிப்போட்ட பழைய சட்டத்தை எடுத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மேல்முனையில் குழிகுழியாக அடித்த தழும்பு. கீழ்முனையில் கண்ணாடிபோல் வழவழப்பு, ஓரம் கத்திபோல் மெலிந்து.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் பெரிய அளவில் கல் தேவைப்பட்டது அணைகளுக்கு. பாபநாசம் நீர்மின் திட்டம் 1938-இல் தொடங்கி 1944-இல் மின்சாரம் தந்தது. மணிமுத்தாறு அணை 1950களில் எழுந்தது. அணையில் கருங்கல் கட்டுமானத்துக்குப் பெரிய கல்லும் கான்கிரீட்டுக்கு ஜல்லியும் ஒரே குவாரியிலிருந்து வர வேண்டும். பிரித்தெடுப்பது அங்கே தொழிலின் மையமாகிறது. அதே காலத்தில் திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்தில் சுண்ணாம்புக்கல்லைத் தேடி இந்தியா சிமெண்ட்ஸ் வந்தது. கல்லிடைக்குறிச்சிக்காரரான சங்கரலிங்க ஐயர் தொடங்கிய அந்த நிறுவனம் 1946-இல் பதிவாகி, 1949-இல் சங்கர் நகர் ஆலையில் சிமெண்ட் எடுத்தது. சிமெண்ட் ஆலையில் கிரஷர் நின்றால் சூளைக்குக் கல் போகாது, சூளையை நினைத்த நேரத்தில் அணைக்கவும் முடியாது. ஒரே ஒரு பெரிய பாறை தொட்டிவாயில் குறுக்கே விழுந்தால் ஆலை முழுவதும் அதைக் கவனித்தாக வேண்டும் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

பெரிய ஆலைகளைவிட ஊர்ப்புறக் கிரஷர்களின் கதைதான் ஆட்களைப் பற்றி அதிகம் சொல்கிறது. கிராமங்களுக்கு மின்சாரமும் டீசல் எஞ்சினும் வந்தபின் தமிழ்நாடெங்கும் சிறு கிரஷர்கள் பெருகின. ‘பதினாறுக்கு ஒன்பது’ என்பது அவற்றில் பேர்போன அளவு. தாடையின் வாய் 16 அங்குல நீளம், 9 அங்குல அகலம். அப்படியானால் ஏழங்குலத்துக்கு மேல் உள்ள கல் அதற்குள் போகாது. குவாரியில் வெடி வைத்து எடுத்த பாறையில் ஏழங்குலத்துக்குள் அடங்குவது எவ்வளவு? மீதி அத்தனையும் முதலில் சம்மட்டிக்குப் போக வேண்டும். இயந்திரம் வந்தும் சம்மட்டி போகவில்லை. ஜல்லிக் குவியலின் பக்கத்திலிருந்து குவாரியின் அடிக்கும் தொட்டியின் மேலுக்கும் அது இடம் மாறியது. பெண்கள் தலைச்சுமையாகக் கல் சுமந்து மேடையேறித் தாடைக்குள் கொட்டினார்கள். சட்டங்களில் கல் இறுகினால் கடப்பாரையோடு ஒருவர் இறங்கி நெம்பினார். கீழே ஆடிக்கொண்டிருக்கும் தாடையின் மேல் நின்று செய்யும் அந்த வேலையைவிட ஆபத்தானது கிரஷரில் வேறில்லை. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் கல்குவாரிகளில் முன்பணத்தில் கட்டுண்ட குடும்பங்கள் இருந்தன. பரீதாபாத் கல்குவாரிகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் சொன்னது இந்தியாவின் எல்லாக் குவாரிக்கும் பொருந்துவதாக இருந்தது.

இந்தப் பகுதியின் பட்டைக்கல் சட்டங்களை ஏமாற்றவும் வல்லது. சட்டங்களின் சந்து ஒரு திசையில் மட்டுமே அளக்கிறது. நீளத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. நாலங்குலக் கனமும் மூன்றடி நீளமுமாகப் பலகைபோல் பெயரும் நைஸ் துண்டு, பக்கவாட்டில் நிமிர்ந்து விழுந்தால் ஆறங்குலச் சந்தில் தாராளமாக இறங்கிவிடும். பழைய மேற்பார்வையாளரின் வளையத்தில் அது தப்பியிருக்காது. கல்லை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கும் பொறுமை வளையம் பிடித்த கைக்கு உண்டு, சட்டத்துக்கு இல்லை. ஆகவே இத்தகைய கல் வரும் ஆலைகளில் சட்டங்களைப் படிபோல இரண்டு அடுக்காக வைப்பதுண்டு. மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்கு விழும்போது பலகைக்கல் புரண்டு படுத்துவிடும். பட்டையில்லாத சார்னோக்கைட் உருண்டு திரண்டு உடையும். அதற்கு ஒரே அடுக்கு போதும்.

பெரிய பாறையைக் குவாரியிலேயே குறைப்பது அடுத்த கட்டம். துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் வெடியின் அளவையும் சரியாகப் போட்டால் பெரிய பாறை குறைவாக வரும். வந்துவிட்டால் முன்பெல்லாம் அதிலேயே மறுபடி ஒரு சிறு துளை போட்டு வெடிப்பார்கள். துண்டுகள் நெடுந்தூரம் தெறிக்கும், பக்கத்து வீடுகளின் ஓடு உடையும். 1967-இல் ஜெர்மனியின் குருப் நிறுவனம் ஹைட்ராலிக் உடைப்பானைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மண்வெட்டும் இயந்திரத்தின் கையில் பொருத்திய பெரிய உளி என்று அதைச் சொல்லலாம். இங்கே அதைப் ‘பிரேக்கர்’ என்கிறார்கள். குவாரிகளில் அது பரவியபின் இரண்டாம் வெடி குறைந்தது. தொட்டியின் மேல் சம்மட்டியோடு நின்றவரின் இடத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் ஓட்டுநர் உட்கார்ந்தார். ஆள் எண்ணிக்கை குறைந்தது, விபத்தும் குறைந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சட்டங்களும் ஆடத் தொடங்கின. இன்றைய ஆலைகளில் தொட்டியின் அடியில் உள்ள தட்டும் அதன் முனையில் விரல்கள்போல் நீளும் சட்டங்களும் ஒரே சட்டகமாக, மையம் விலகிய எடையுள்ள தண்டால் நிமிடத்துக்கு 700 முதல் 1000 முறை வரை அதிர்கின்றன. அதிர்வில் கல் தானே நகர்வதால் செங்குத்தான சரிவு வேண்டாம். இறுகும் கல்லும் குறைவு. சட்டத்தின் ஒரு முனை மட்டும் பிடிமானத்தில் இருக்கும், மறுமுனை அந்தரத்தில் நிற்கும்.

ஆலைக்கு இந்த ஆடும் சட்டங்கள் இன்றியமையாதவை ஆனதற்கு ஆற்றுமணல் ஒரு காரணம். தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஐந்தாண்டுத் தடை விதித்தது. ஆற்றுமணல் அருகியபோது கட்டட வேலை எம்-சாண்டுக்கு, அதாவது கல்லை உடைத்து எடுக்கும் மணலுக்கு, மாறியது. கருங்கல்லைப் பொடித்து மணலாக்கும் செங்குத்து அச்சு இயந்திரம் 1960களின் கடைசியில் நியூசிலாந்தில் உருவானது. இந்தியத் தர நிர்ணயத்தின் 383-ஆம் எண் விதியோ 1970 பதிப்பிலேயே உடைத்த கல்லின் மணலை ஏற்றுக்கொண்டிருந்தது. நாற்பது ஆண்டுகளாக ஏட்டில் இருந்த அனுமதி, ஆறு வற்றிய பின்தான் மேஸ்திரிகளின் கைக்கு வந்தது. 2023 மார்ச்சில் தமிழக அரசு எம்-சாண்டுக்கெனத் தனிக் கொள்கையும் வெளியிட்டது.

ஜல்லியில் கொஞ்சம் மண் கலந்தால் கழுவிக்கொள்ளலாம். எம்-சாண்டில் மண் கலந்தால் சிமெண்ட் பிடிக்காது, பூச்சு வெடிக்கும். குவாரியின் மேலடுக்கில் உள்ள சிதைந்த பாறையும் மண்ணும் நல்ல கல்லோடு சேர்ந்தே லாரியில் வருகின்றன. அவற்றைத் தாடைக்கு முன்னாலேயே உதிர்த்துத் தனிப் பட்டையில் வெளியே அனுப்புவது அந்தச் சட்டங்கள்தான். உதிர்ந்தது வீணாவதில்லை, சாலையின் அடிப்படுகைக்கு ஜி.எஸ்.பி. என்ற பெயரில் விலை போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் இந்த ஏற்பாடு தடுமாறும். ஈரமண் சட்டங்களின் பக்கங்களில் அப்பி அப்பிச் சந்தை மூடிவிடும். கீழே விழ வேண்டியது தாடைக்குள் போய்க் கேக் கேக்காக அடைக்கும். மழைக்காலத்தில் சில ஆலைகள் ஒன்றுவிட்டு ஒரு சட்டத்தைக் கழற்றிவிட்டு ஓட்டுகின்றன. சுத்தம் கொஞ்சம் குறையும், ஓட்டம் நிற்காது.

தேவை கூடக் கூடக் குவாரிகள் ஆழமாயின. ஐந்து எக்டேருக்குக் குறைந்த குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று தீபக் குமார் வழக்கில் 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 மே 14 இரவு திருநெல்வேலியை அடுத்த அடைமிதிப்பான்குளத்துக் கல்குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள். நாலு பேர் இறந்தார்கள். அதன்பின் மாவட்டத்துக் குவாரிகளில் ஆய்வுகள் நடந்தன. கிரஷரில் சம்மட்டி ஆளின் இடம் பாதுகாப்பானதுபோல் குவாரியின் செங்குத்துச் சுவரடி ஆகவில்லை.

எல்லா ஆலையும் கருங்கல்லைச் சிறிதாக்கிக்கொண்டிருக்கும் காலத்தில், பெரிய கல்லை மட்டும் கேட்கும் வேலை ஒன்று கடற்கரையில் நடந்துவருகிறது. 1974-இல் திறந்த தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் இரண்டும் ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் வீதம் கடலுக்குள் கல் குவித்து எழுப்பியவை. தென்கரை மீனவர் ஊர்களில் மணல் அரிப்பைத் தடுக்கப் போடும் தூண்டில் வளைவுகளுக்கும் அதே வகைக் கல்தான். 2015 டிசம்பரில் வேலை தொடங்கிய கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்குப் பாறை போதாமல் பணி தாமதமானபோது, தமிழகத்தின் தென்மாவட்டக் குவாரிகளிலிருந்தும் லாரிகள் மலையைக் கடந்து போயின. அலை அடித்துச் செல்லாத கனம் வேண்டும் என்பதால், அணைக்கட்டுக்குக் கல் கோத்த காலத்தின் கணக்கு இங்கே திரும்பவும் செல்லுபடியாகிறது.

அந்தக் குவாரிகளிலும் எஃகுச் சட்டங்கள் உண்டு. வேலை மட்டும் தலைகீழ். வெடித்த கல் முழுவதும் சட்டங்களின் மேல் கொட்டப்படுகிறது. சந்தில் இறங்கும் பொடியும் சின்னக் கல்லும் ஜல்லி ஆலைக்கோ சாலைக்கோ போகின்றன. மேலே தங்கும் பாறையைக் கிரேன் எடுத்து எடை பார்த்து, சுவரின் உள்வயிற்றுக்கு உரியது, மேல்போர்வைக்கு உரியது என்று தரம் பிரித்து லாரியில் ஏற்றுகிறது. போர்வைக்கு எடுத்த பாறையில் விரிசல் தெரிந்தால் அதைத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளிய பாறை பிரேக்கருக்குப் போய், அங்கிருந்து தாடைக்குப் போகிறது.